சார்ஜென்ட்டிடம் என்ன பேசுவது, ரெக்ரூட்டரிடம் என்ன கேட்பது?

நியூஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியின் சுருக்கம்: "அண்ணா, மகனுக்கு 17 வயது. உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு. எங்கள் எல்லோரையும் போல அவனிடமும் கிரீன் கார்டுதான் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்ட் ஒருவர் அவனை வாரம் தவறாமல் அழைக்கிறார். பையனுக்கும் ஆசை வந்துவிட்டது. 'கம்ப்யூட்டர் வேலை கொடுப்பார்கள், குடியுரிமையும் உடனே கிடைக்கும்' என்கிறான். அந்த சார்ஜென்ட்டிடம் எப்படிப் பேசுவது? வீட்டுக்கே வந்து பேசலாமா என்று வேறு கேட்கிறார். என் தம்பி மகனும் எங்களோடுதான் இருக்கிறான். எம்.எஸ். முடித்துவிட்டு ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலை தேடுகிறான். நாள் முழுக்க நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் ரெக்ரூட்டர்களின் அழைப்புதான். இருவருக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்."

சகோதரி, நான் இங்கே நெடுங்காலம் ஆளெடுப்பு நிறுவனங்களில் வேலை பார்த்தவன். என் தங்கை மகன் ராணுவத்தில் சேர்ந்தபோது தொடக்கம் முதல் கூடவே இருந்தவன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: ஆளெடுக்க வந்து பேசுகிறவர் முடிவெடுப்பவர் அல்லர். பணியை ஒதுக்குவது சார்ஜென்ட் கையில் இல்லை, குடியுரிமையும் அவர் கையில் இல்லை. நிறுவனத்தில் வேலை கொடுப்பதும் ரெக்ரூட்டர் கையில் இல்லை. எனவே எந்த உறுதிமொழியைக் கேட்டாலும் பிள்ளைகள் உடனே கேட்க வேண்டிய கேள்வி, "இதை முடிவு செய்கிறவர் யார், இது எந்தக் காகிதத்தில் எழுதப்படும்?" என்பதுதான். மரியாதையாகக் கேட்கலாம், சிரித்த முகத்தோடு கேட்கலாம். ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது.

உங்கள் மகன் விஷயம் பெரியது. எட்டு ஆண்டு ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது. அதை முதலில் பார்ப்போம்.

பையனின் தொலைபேசி எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். மத்திய அரசின் நிதியைப் பெறும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவம் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று இங்கே கல்விச் சட்டமே சொல்கிறது. கொடுக்க வேண்டாம் என்று பெற்றோர் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு இளைய பிள்ளைகள் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அழைப்பதால் மகனுக்கு எந்தக் கடமையும் வந்துவிடாது. 18 வயதாகும் ஆண்பிள்ளைகள் செலக்டிவ் சர்வீஸ் பட்டியலில் (கட்டாய ராணுவ சேவை மறுபடி வந்தால் அழைப்பதற்கான பெயர்ப் பட்டியல்) இருக்க வேண்டும் என்பது வேறு சட்டம். கிரீன் கார்டு பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அதற்கும் இந்த சார்ஜென்ட்டுக்கும் தொடர்பில்லை. நம்மவர் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, "கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமோ" என்று பயப்படுகிறார்கள். கட்டாய ராணுவ சேவை 1973இலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லோரும் தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள்தான்.

அந்த சார்ஜென்ட் யார் என்று தெரிந்தால் அவரிடம் பேசுவது எளிதாகிவிடும். பெரும்பாலும் அவர் ஏதோ ஒரு படைப்பிரிவில் சிப்பாயாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்கு ஆள்சேர்ப்புப் பணிக்கு மாற்றப்பட்டவர். மாதத்துக்கு இத்தனை பேர் என்று அவருக்கு மேலிடத்திலிருந்து இலக்கு உண்டு. 2022ஆம் நிதியாண்டில் அமெரிக்கத் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, ஏறக்குறைய 15,000 பேர் குறைவாகத்தான் சேர்க்க முடிந்தது. 2025இல் நிலைமை தலைகீழானது. 61,000 என்ற இலக்கை நிதியாண்டு முடிய நான்கு மாதங்கள் இருக்கும்போதே எட்டிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் ஆண்டில் ஊக்கத்தொகை கூடும், விதிவிலக்குகளும் தாராளமாகக் கிடைக்கும். ஆட்கள் வரிசையில் நிற்கும் ஆண்டில் இரண்டும் சுருங்கும். ஆகவே பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் கிடைத்தது உங்கள் மகனுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். சார்ஜென்ட் பொய் சொல்கிறவர் என்றும் முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் இலக்கு வைத்து வேலை செய்கிறவர், நல்ல செய்தியை முதலிலும் உரக்கவும் சொல்வார், மற்றதைக் கேட்டால்தான் சொல்வார். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறேன். உங்கள் மகன் சேரலாமா என்றால், சேரலாம். கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இணையப் பாதுகாப்பு, உளவு, ரகசியத் தகவல் தொடர்பு போன்ற பணிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்குக் குடியுரிமை வேண்டும். அதிகாரியாக ஆவதற்கும் குடியுரிமை வேண்டும். நம் பிள்ளைகள் மனத்தில் வைத்திருக்கும் "கம்ப்யூட்டர் வேலை" பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் விழுகிறது. ஆகவே "எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைக்குமா?" என்று மகன் கேட்கக் கூடாது. "முயற்சி செய்யலாம்" என்ற பதில்தான் வரும். "குடியுரிமை இல்லாத எனக்கு, இன்றைய தேதியில், எந்தெந்தப் பணிகள் திறந்திருக்கின்றன? அந்தப் பட்டியலைக் காட்ட முடியுமா?" என்று கேட்க வேண்டும். கேள்வி குறுகினால் பதிலும் குறுகும்.

குடியுரிமை "உடனே" கிடைக்கும் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகான காலம் சட்டப்படி போர்க்காலமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், படையில் பணியாற்றுகிறவர் மற்றவர்களைப் போல ஐந்தாண்டு காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணமும் இல்லை. அது உண்மை. ஆனால் விண்ணப்பத்தோடு என்-426 என்ற படிவத்தில் ராணுவம் அவருடைய பணியைச் சான்றளிக்க வேண்டும். முடிவெடுப்பது குடியேற்றத் துறை. ஐந்தாண்டு நற்பணி முடிவதற்குள் கண்ணியமற்ற முறையில் வெளியேற்றப்பட்டால், இந்த வழியில் பெற்ற குடியுரிமையையே திரும்பப் பறிக்கவும் சட்டம் இடம் தருகிறது. சார்ஜென்ட் உதவி செய்யலாம், நாள் குறித்துக் கொடுக்க முடியாது.

இந்த இடத்தில் அவர் சொல்ல வாய்ப்பில்லாத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் இது அவர் வேலை அல்ல. நீங்களோ உங்கள் கணவரோ கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டு ஆகப் போகிறதா? மகனுக்கு 18 வயது நிறைவதற்கு முன் உங்களில் ஒருவர் குடியுரிமை பெற்றுவிட்டால், உங்களோடு உங்கள் பொறுப்பில் இங்கே வாழும், கிரீன் கார்டு உள்ள மகன் அந்த நிமிடமே சட்டப்படி குடிமகனாகிவிடுவான். 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. அப்படி ஆனால் மேலே சொன்ன பூட்டிய கதவுகள் எல்லாம் அவனுக்குத் திறக்கும். கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. (மாணவர்களுக்கான ராணுவ அதிகாரிப் பயிற்சி) உதவித்தொகையோடு படித்து அதிகாரியாகவே படையில் நுழையும் வழியும் சேர்ந்து திறக்கும். உங்களுக்கு இருப்பது சில மாதங்கள்தான். சார்ஜென்ட்டிடம் அடுத்த முறை பேசுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், உங்கள் மகன் விஷயத்தில் இதைவிட அவசரமான வேலை வேறில்லை.

ஊர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனானதும் இந்தியக் குடியுரிமை போய்விடும், விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் நிலைப்பாடு. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதென்றால் விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். இதற்காக ஆசையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது உடல்நிலை. இதில்தான் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சிறுவயதில் மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் கொடுத்திருப்பீர்கள். 13ஆம் பிறந்தநாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்ததாக மருத்துவப் பதிவில் இருந்தால், ராணுவத்தின் விதிப்படி அது தகுதிக்குறைவு, விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு பிள்ளைகள் சொன்னதைத்தான் நம்பி எழுதிக்கொண்டார்கள். 2022 முதல் ராணுவத்தின் மருத்துவச் சோதனை நிலையங்களில் 'எம்.எச்.எஸ். ஜெனிசிஸ்' என்ற கணினி முறை வந்திருக்கிறது. வெளி மருத்துவமனைகள், மருந்துக் கடைகள் வழியாக வரும் பழைய பதிவுகள் அதில் தெரிந்துவிடுகின்றன. "அதையெல்லாம் சொல்ல வேண்டாம், வேலை தாமதமாகும்" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை விட்டு விலகி, அவருடைய ஆள்சேர்ப்பு நிலையத்தின் தலைமை அலுவலரிடம் பேசுங்கள். மறைத்துச் சேர்வது ராணுவச் சட்டத்தில் மோசடிச் சேர்ப்பு என்ற குற்றம். படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பவன் உங்கள் மகன்தான், ஆலோசனை சொன்னவர் அல்லர். குழந்தை மருத்துவரிடம் போய் எல்லாப் பதிவுகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, "இது இருக்கிறது, விலக்குக் கேட்க எவ்வளவு காலம் ஆகும், எந்த ஆவணங்கள் வேண்டும்?" என்று அவனே முதலில் எடுத்துச் சொல்லட்டும்.

ஆஸ்வாப் என்ற ராணுவத் தகுதித் தேர்வைப் பற்றியும் சார்ஜென்ட் பேசியிருப்பார். தரைப்படையில் சேர, பள்ளிப் படிப்பு முடித்தவருக்கு வழக்கமாக 31 மதிப்பெண் போதும். அந்த 31 என்பது நூற்றுக்கு 31 அல்ல, ஒப்பீட்டு நிலை. அது வாசலைத் தாண்டத்தான். எந்தப் பணி கிடைக்கும் என்பதைப் பாடவாரியான மதிப்பெண்கள் தீர்மானிக்கின்றன. "எப்படியும் தேறிவிடுவாய், நாளைக்கே எழுது" என்றால் மகன் சொல்ல வேண்டியது: "படித்துவிட்டு எழுதுகிறேன்." தேர்வை மறுபடி எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், மூன்றாம் முறைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். முதல் தடவையே நன்றாக எழுதுகிறவனுக்குத்தான் பேச்சில் பலம்.

பிறகு மெப்ஸ் என்று அழைக்கப்படும், மேலே சொன்ன மருத்துவச் சோதனை நிலையத்துக்கு அனுப்புவார்கள். முதல் நாள் இரவு விடுதியில் தங்கவைத்து, விடியும் முன் எழுப்பிக் கூட்டிப்போவார்கள். நாள் முழுக்க மருத்துவச் சோதனை. எல்லாம் முடிந்து களைத்த பிறகுதான், கணினித் திரையோடு ஒரு ஆலோசகர் முன் உட்கார வைப்பார்கள். எந்தப் பணி, எந்தத் தேதியில் பயிற்சி, எவ்வளவு ஊக்கத்தொகை என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகிறது. இத்தனை வாரம் பேசிப் பழகிய சார்ஜென்ட் அங்கே இருக்க மாட்டார். திரையில் மகன் கேட்ட பணி இல்லாவிட்டால், "இது எனக்கு வேண்டாம், கேட்ட பணி வரும்போது மறுபடி வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப அவனுக்கு முழு உரிமை உண்டு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் தெம்பு 17 வயதில் எளிதில் வராது. வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

அங்கே நீட்டப்படும் ஒப்பந்தம்தான் டிடி படிவம் 4. அதில் ஒரு வரி இருக்கிறது. இந்த ஒப்பந்தத்திலும் இணைப்புகளிலும் உள்ளவை மட்டுமே அரசு தந்த வாக்குறுதிகள், வேறு யார் எதைச் சொல்லியிருந்தாலும் அது செல்லாது, நிறைவேற்றப்படாது என்பது அதன் பொருள். அந்த வரிக்குக் கீழே சேர்கிறவர் ஒப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சாக வந்த எல்லாவற்றையும் தன் கையாலேயே ரத்து செய்கிற ஒப்பம் அது. அதனால்தான் பணி, பயிற்சித் தேதி, ஊக்கத்தொகை ஆகிய ஒவ்வொன்றும் எந்த இணைப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டுகள் என்பதும் அதில்தான் இருக்கும். "நான்கு ஆண்டுதான்" என்று சொல்லப்படுவது முழுநேரப் பணி. மீதி ஆண்டுகள் ரிசர்வில் கழியும், தேவை வந்தால் அழைக்கலாம். கல்லூரிச் செலவுக்கு வரும் ஜி.ஐ. பில் உதவி முழு அளவில் கிடைக்க 36 மாத முழுநேரப் பணி வேண்டும் என்பதையும் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

என் தங்கை மகனின் ஆள்சேர்ப்பு நிலையம் ஒரு பீட்சா கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவே இருந்தது. அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தான். நாங்கள் இருவரும் முந்தின இரவு எழுதிய கேள்விகள். சார்ஜென்ட் ஊக்கத்தொகையைப் பற்றி உற்சாகமாகச் சொல்லி முடித்ததும், "இது ஒப்பந்தத்தில் எந்த இணைப்பில் வரும்?" என்று கேட்டான். அவர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "அது நீ மெப்ஸ் போகிற நாளில் அந்தப் பணிக்கு இருந்தால் வரும். இல்லாவிட்டால் இல்லை" என்றார். அதுவரை பேசிய குரல் வேறு, அந்தப் பதிலின் குரல் வேறு. அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அந்தக் குரலில்தான் நடந்தது. எந்தப் பிரிவில் ஊர் ஊராக மாற்றுவார்கள், எதில் முழங்கால் தேயும், எந்தப் பயிற்சியில் பாதிப் பேர் தோற்கிறார்கள் என்று அவரே எடுத்துச் சொன்னார். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று என் தங்கை பயந்துகொண்டிருந்தாள். நடந்தது நேர்மாறு.

ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் மகன் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். நான்கே வரி போதும்: இன்று பேசியதற்கு நன்றி, நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டவை இவை, தவறாக இருந்தால் திருத்துங்கள், அடுத்து நான் செய்ய வேண்டியது இது. இதனால் ஒப்பந்தத்தில் எதுவும் சேர்ந்துவிடாது. ஆனால் புரிதலில் இருக்கும் பிழை அன்றே தெரிந்துவிடும். கைப்பேசிக் குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம்.

நம் வளர்ப்பில் இருக்கும் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு வராது. "சரி சார், பார்க்கிறேன்", "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். நமக்கு அது மறுப்பு. அமெரிக்க சார்ஜென்ட்டின் காதில் அது ஆர்வம். அடுத்த வாரம் மறுபடி அழைக்கிறார், நாம் "விடமாட்டேன் என்கிறாரே" என்று எரிச்சல்படுகிறோம். விருப்பமில்லை என்றால் "எனக்கு விருப்பமில்லை, இனி அழைக்க வேண்டாம், நன்றி" என்று ஒரே தடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால், "பிப்ரவரிக்குப் பிறகு நானே அழைக்கிறேன்" என்று காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி அழைக்கவும் வேண்டும்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக வரச் சொல்லுங்கள். 17 வயதுப் பிள்ளை சேரப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆகவே நீங்கள் உபசரிக்கிறவர் மட்டுமல்ல, பேச்சில் ஒரு தரப்பு. காப்பி கொடுங்கள், இட்லி கொடுங்கள். பிறகு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். அன்று எதிலும் கையெழுத்து இல்லை என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதையும் மகனிடம் சொல்லி வையுங்கள். மெப்ஸில் முதல் உறுதிமொழி எடுத்தாலும், பள்ளி முடிந்து பயிற்சிக்குக் கிளம்பும் நாள் வரை அவன் தாமதச் சேர்ப்புத் திட்டத்தில்தான் இருப்பான். இடையில் மனம் மாறினால் எழுதிக் கொடுத்து விலகலாம். "கைது செய்வார்கள், கிரீன் கார்டு போய்விடும்" என்று மிரட்டுவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. ராணுவ விதிகளே அதைத் தடை செய்கின்றன. கிளம்பும் நாளில் இரண்டாம் உறுதிமொழி எடுத்த பிறகு கதை வேறு. அது உண்மையான ராணுவப் பணி, நினைத்தபோது திரும்ப முடியாது.

இனி உங்கள் தம்பி மகன். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மாணவர் விசாவிலும் எச்-1பி வேலை விசாவிலும் இருந்தவர்கள் அமெரிக்கப் படையில் சேர்ந்த கதையை நம் வட்டாரத்தில் கேட்டிருப்பான். அது உண்மைதான். 2008இல் அறிவிக்கப்பட்ட 'மாவ்னி' திட்டத்தில் சில மொழிகள் தெரிந்தவர்களை அப்படி எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. இன்று அந்த வழியில் சேர்த்துவிடுவதாக ஓ.பி.டி. மாணவனிடம் யாராவது பணம் கேட்டால், பேச்சைத் தொடரவே வேண்டாம்.

வேலைக்கு அழைக்கிற ரெக்ரூட்டர்களில் மூன்று வகை உண்டு. நிறுவனத்திலேயே சம்பளம் வாங்குகிறவர் ஒருவர். ஆளைப் பிடித்துக் கொடுத்து நிறுவனத்திடம் கட்டணம் பெறும் ஏஜென்சிக்காரர் இன்னொருவர். மூன்றாமவர், ஆட்களைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டு ஒப்பந்த வேலைக்கு அனுப்பும் கன்சல்டன்சிக்காரர். அழைப்பு வந்ததும், "நீங்கள் நேரடியாக நிறுவனத்திலிருந்து பேசுகிறீர்களா, இடையில் நின்று ஆள் அனுப்பும் வெண்டரா? இறுதி வாடிக்கையாளர், அதாவது நான் வேலை செய்யப்போகும் நிறுவனம், யார்?" என்று கேட்டுவிட வேண்டும். நல்ல ரெக்ரூட்டர் கல்யாணத் தரகர் போல. வரனைக் கொண்டுவருவார், வீட்டைப் பற்றிச் சொல்வார், முடிவு அவருடையது அல்ல. அவரிடம் நல்லபடியாகப் பேசி, எதிர்ப்பக்கத்துக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ள வேண்டும். "இந்த இடம் ஏன் காலியானது? மேலாளர் முதலில் பார்ப்பது எந்தத் திறனை? எத்தனை சுற்று நேர்காணல்?" இந்த மூன்றையும் கேட்டவனுக்கு, கேட்காதவனைவிடப் பாதித் தயாரிப்பு முடிந்துவிடும்.

வெண்டர்கள் வழியாகப் போகும்போது, அவனை அந்த வாடிக்கையாளரிடம் முன்னிறுத்த அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். அதற்கு "சம்மதம்" என்று பதில் எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வேலைக்கு இரண்டு வெண்டர்கள் அவன் பெயரை அனுப்பினால், தகராறு வேண்டாம் என்று வாடிக்கையாளர் இரண்டையும் தள்ளிவிடுவார். எந்த வேலைக்கு, யார் மூலம், என்ன மணிக்கூலிக்கு, எந்தத் தேதியில் சம்மதித்தான் என்று ஒரு எக்செல் தாளில் குறித்துக்கொண்டே வரட்டும்.

விசா கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான். "இப்போது வேலை செய்ய அனுமதி உண்டா?" என்றால் உண்டு. "இப்போதோ பின்னரோ நிறுவனம் உன் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமா?" என்றால் ஆம். பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் இருந்தால், முதல் 12 மாதத்துக்குப் பிறகு இன்னும் 24 மாத நீட்டிப்புக்கு வழி உண்டு, அதற்கு நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசின் வேலை அனுமதிச் சரிபார்ப்பு முறையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஸ்பான்சர் என்ற சொல்லைக் கேட்டு விலகப் போன மேலாளர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

ஓ.பி.டி.யின் முதல் கட்டத்தில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி. அந்த நெருக்கடியில்தான் தவறான ஆட்கள் வருவார்கள். ஏழாண்டு அனுபவம் என்று பயோடேட்டாவை மாற்றித் தருகிறோம், நேர்காணலில் உனக்குப் பதில் வேறு ஆள் பேசுவார், கிரீன் கார்டு இருப்பதாகச் சொல்லிவிடு என்பார்கள். தமிழிலேயே, "தம்பி" என்று அன்பாகக் கூப்பிட்டே சொல்வார்கள். என் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். பொய் சொன்னவன் என்று குடியேற்றப் பதிவில் ஏறினால் அது அவன் கூடவே வரும். அதிலும் வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் குறியிட்டால், பின்னாளில் கிரீன் கார்டுக்கான வழியே நிரந்தரமாக அடைபடலாம். அந்தக் கன்சல்டன்சி வேறு பெயரில் வேறு ஊரில் நடந்துகொண்டிருக்கும். "என் உண்மையான பயோடேட்டாவை மட்டும் அனுப்புங்கள். மாற்றினால் என் சம்மதம் இல்லை" என்று அவன் எழுத்தில் சொல்லட்டும். அதற்கு இணங்காதவரிடம் வேலை தேட வேண்டியதில்லை.

சம்பளப் பேச்சில் நியூஜெர்சி அவனுக்குச் சாதகமான மாநிலம். பழைய சம்பளம் என்ன என்று அங்கே நிறுவனங்கள் கேட்கக் கூடாது என்று 2020 முதல் சட்டம். 2025 ஜூன் 1 முதல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். ஆகவே ரெக்ரூட்டர் "எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" என்றால், "இந்த இடத்துக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று அவன் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எச்-1பி விண்ணப்பத்துக்கான கட்டணத்தை அவன் தலையில் கட்டப் பார்த்தால், அது நிறுவனம் ஏற்க வேண்டிய செலவு என்று சொல்லலாம்.

அவன் சார்பாக நீங்களோ அவன் அப்பாவோ ரெக்ரூட்டரை அழைத்துப் பேச வேண்டாம். ராணுவத்தில் பெற்றோர் பக்கத்தில் இருப்பது பலம். நிறுவன வேலையில் அது பிள்ளையின் மதிப்பைக் குறைக்கும்.

கடைசியாக, வேலைக் கடிதம் எழுத்தில் வருவதற்கு முன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ பாஸ்போர்ட் நகலையோ அனுப்ப வேண்டாம். லேப்டாப் வாங்கக் காசோலை அனுப்புகிறோம், மீதியைத் திருப்பி அனுப்பு என்று சொல்கிற வேலை எதுவும் உண்மையானது அல்ல. ஏற்கெனவே யாருக்காவது எண்ணைக் கொடுத்துவிட்டான் என்றால் இன்று இரவே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன்பதிவு நிறுவனங்களின் தளத்திலும் போய், தன் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை முடக்கி வைக்கட்டும். கட்டணம் இல்லை, வேண்டும்போது அவனே திறந்துகொள்ளலாம்.